எதிரே இருப்பவர் எழுதப்போகும் அரைப் பக்கம்

(புளியங்குடியில் பிளஸ் டூ மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் இந்த ஊர்ப் பிள்ளை. என் அப்பா எலுமிச்சைக் கமிஷன் கடையில் மூட்டை தூக்கினார். விடியற்காலையில் போய் மதியம் திரும்புவார். தோளில் கிடக்கும் துண்டில் எலுமிச்சை வாசம் அடிக்கும். அந்த வாசத்தில்தான் நான் படித்தேன்.

பத்தொன்பது வயதில் மேல்படிப்புக்காக ஒரு பெரிய நகரத்துக்கு நேர்முகத்துக்குப் போனேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். முதல் கேள்வி, “அப்பா என்ன செய்கிறார்?” நான் “பிசினஸ்” என்றேன். “என்ன பிசினஸ்?” “எலுமிச்சை.” “ஏற்றுமதியா?” “ஆமாம்.”

அதுவரை காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு உண்மையாகவே ஆர்வம் வந்துவிட்டது. “விலையை யார் முடிவு செய்கிறார்கள்? மழைக்காலத்தில் என்ன ஆகிறது? கேரளாவுக்குப் போகும் பழத்துக்கும் சென்னைக்குப் போகும் பழத்துக்கும் என்ன வித்தியாசம்?” என்று அடுக்கடுக்காகக் கேட்டார். இவை ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அப்பா சொல்லிக் கேட்ட விஷயங்கள் அவை. ஆனால் மூட்டை தூக்குகிறவரின் மகளாகத் தெரிந்ததை ஏற்றுமதியாளரின் மகளாக எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. எட்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் வேப்பமரத்தடியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். “என்னம்மா கேட்டாவ?” என்றார். “பாடத்துலதாம்ப்பா கேட்டாங்க” என்றேன். இடம் கிடைக்கவில்லை. அன்று அவரிடம் சொன்ன அந்தப் பதில் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

பிறகு வேறு வழிகளில் படித்தேன். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினேன். சில ஆண்டுகளாக அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவி என்ற முறையில், அங்கே சேர விண்ணப்பிக்கும் நம் நாட்டுப் பிள்ளைகளை நானே நேர்காணல் செய்கிறேன். இப்போது நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன். அங்கிருந்து பார்க்கும்போது என்ன தெரிகிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில், எங்கெல்லாம் நேர்காணல் உண்டு என்று பார்ப்போம். நம் மாநிலத்தில் பொறியியலோ வேளாண்மையோ சேர யாரும் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவதில்லை. கட்ஆஃப் இருக்கிறது, தரவரிசை இருக்கிறது, கலந்தாய்வு இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பெங்களூருவில் இருக்கும் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நேர்காணல் உண்டு. அசோகா பல்கலைக்கழகத்திலும் உண்டு. பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்தாண்டு மேலாண்மைப் படிப்புக்கு இந்தூர் ஐஐஎம் நேர்காணல் வைக்கிறது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும் ஆசிரியர்களே கேள்வி கேட்பார்கள். எம்ஐடி, ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்களிடம் படித்து முடித்த பட்டதாரிகளை உலகம் முழுக்கத் தன்னார்வலர்களாக வைத்திருக்கின்றன. அவர்களில் ஒருவர் உங்களை அழைத்துப் பேசக்கூடும். முன்பு நேரில் நடந்தது, இப்போது பெரும்பாலும் செல்போன் திரையிலேயே நடக்கிறது.

இது நமக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். நேர்முகத்தை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் நாம் அதை விலக்கிவைத்தோம். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர ஒரு காலத்தில் நேர்முகம் இருந்தது. அதற்கு 75 மதிப்பெண். பல குழுக்கள் தனித்தனியாக உட்கார்ந்து போட்ட அந்த மதிப்பெண்ணை எதிர்த்து மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பெரியகருப்பன் என்பவர் பெயரில் அமைந்த அந்த வழக்கில் 1970-இல் தீர்ப்பு வந்தது. தேர்வு நடந்த முறை செல்லாது என்றது நீதிமன்றம். பத்தாண்டு கழித்து, 1980 நவம்பரில், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 என்று வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். அதிலும் அப்பா யார், ஊர் எது என்ற கேள்விகள். நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் வைப்பது நியாயமில்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். தமிழ்நாட்டில் 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2007 முதல் அதுவும் போய், பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் என்றானது.

அமெரிக்காவிலும் நேர்காணலின் பிறப்பு அவ்வளவு சுத்தமானதில்லை. 1920-களில் தேர்வெழுதி வந்த யூத மாணவர்களின் எண்ணிக்கை ஹார்வர்டில் கூடியது. அதன் தலைவர் லோவல், 1922-இல் அவர்களை 15 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றார். வெளிப்படையாக அது நடக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் குணநலன், ஆளுமை என்ற பேச்சும், விண்ணப்பத்தில் புகைப்படமும், நேரில் பார்த்து எடைபோடும் வழக்கமும் வலுத்தன. முகத்தையும் குடும்பத்தையும் பார்த்துக் கதவைச் சாத்த இது வசதியாக இருந்தது.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், நேர்காணலுக்குப் போகும்போது உங்களுக்கு வரும் பயம் உங்கள் குறையால் வருவதில்லை. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்காக அமைந்த அறை அது. அங்கே நமக்குக் கூச்சமாக இருப்பது இயல்பு. ஆனால் அதே அறை இன்னொரு மாதிரியும் வேலை செய்யும். ஹார்வர்டு மீது ஆசிய அமெரிக்க மாணவர்களுக்காக ஒரு வழக்கு நடந்தது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் இறுதித் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் ஒரு விஷயத்தை எடுத்துவைத்தார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் படித்தவர்கள் ஆசியப் பிள்ளைகளின் ஆளுமைக்குக் குறைவாக மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். நேரில் பார்த்துப் பேசிய பழைய மாணவர்களோ, வெள்ளைப் பிள்ளைகளுக்கு இணையாகவே போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். காகிதத்தில் ஏறாத ஏதோ ஒன்று நேரில் பேசியபோது தெரிந்திருக்கிறது. அந்த ஒன்றை எப்படித் தெரியவைப்பது என்பதுதான் நம் கேள்வி.

இப்போது உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக உங்களோடு பேசப்போகும் பட்டதாரி பேராசிரியர் இல்லை. ஒரு வங்கியிலோ மென்பொருள் கம்பெனியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்ப்பவர். இதற்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் உங்கள் மதிப்பெண்ணோ நீங்கள் எழுதிய கட்டுரையோ அவர் கையில் இருக்காது. பெயர், பள்ளி, தொடர்பு எண், இவ்வளவுதான் தெரியும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் பேசுவார். பேசி முடித்த அன்று இரவு, வீட்டு வேலையெல்லாம் முடிந்தபின், உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு குறிப்பு எழுதுவார். அரைப் பக்கம், மிஞ்சினால் ஒரு பக்கம். அதோடு அவர் வேலை முடிந்தது. இடம் தருவதும் மறுப்பதும் அவர் கையில் இல்லை. அந்தக் குறிப்பு உங்கள் விண்ணப்பத்தோடு சேரும் பல காகிதங்களில் ஒன்று.

ஆகவே நீங்கள் தயாராக வேண்டியது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அன்று இரவு அந்த மனிதர் அரைப் பக்கம் எழுத வேண்டும். எழுத அவருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

நான் எழுத உட்காரும் இரவுகளை நினைத்துப் பார்க்கிறேன். “நன்றாகப் படிக்கிறார், தலைமைப் பண்பு உள்ளவர், சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறார்.” இப்படி எழுதினால் இரண்டு வரியில் முடிந்துவிடும். போன வாரம் பேசிய பிள்ளைக்கும் அதைத்தான் எழுதினேன், அதற்கு முந்தின வாரமும் அதைத்தான் எழுதினேன். அந்தப் பிள்ளைகள் மோசமானவர்கள் இல்லை. எனக்கு எழுத ஒன்றும் கொடுக்காமல் போய்விட்டார்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். பொருளாதாரம் படிக்க விண்ணப்பித்திருந்தாள். “ஏன் பொருளாதாரம்?” என்று கேட்டேன். “நாட்டின் வளர்ச்சிக்குப் பொருளாதாரம் முதுகெலும்பு” என்று ஆரம்பித்தாள். மனப்பாடம் என்று தெரிந்தது. அவளை நிறுத்தி, “வீட்டில் யாருடைய கணக்கை நீ பார்த்திருக்கிறாய்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அம்மா பீடி சுத்துறாங்க, அந்தக் கணக்குப் பாத்திருக்கேன்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. கடையில் இலையை எடை போட்டுத்தான் தருவார்கள். திரும்பக் கொடுக்க வேண்டியதோ எண்ணிக்கைக் கணக்கு, இத்தனை பீடி என்று. இலை ஈரமாக இருந்தால் எடை கூடும், எண்ணிக்கை குறையும். மழைக்காலத்தில் அம்மாவுக்கு இலை பத்தாமல் போவதும், கைக்காசு போட்டு வெளியில் வாங்குவதும் அதனால்தான் என்று அவளுக்குச் சந்தேகம். ஒரு நோட்டுப் போட்டாள். இலை வந்த அன்றைக்கு வீட்டில் ஒரு தடவை எடை, வெயிலில் உலர்த்தி இன்னொரு தடவை எடை, மொத்தம் எத்தனை இலை, அதில் ஓட்டை விழுந்து கழிந்தது எத்தனை. இரண்டு மாதம் எழுதினாள். “நீ நினைத்தது சரியாக இருந்ததா?” என்று கேட்டேன். “பாதிதான் சரி மேடம். ஈரத்தால போறத விட ஓட்டை இலையால போறதுதான் ஜாஸ்தி. நான் நெனச்சது தப்பு” என்றாள்.

அன்று இரவு என் அரைப் பக்கம் போதவில்லை. எடைக்குக் கொடுத்து எண்ணிக்கைக்கு வாங்கும் ஒரு ஒப்பந்தத்தில் நட்டம் யார் தலையில் விழுகிறது என்று, பதினேழு வயதில் ஒரு தராசை வைத்துக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறாள். தன் ஊகம் தப்பு என்று தெரிந்ததும் மாற்றிக்கொண்டிருக்கிறாள். பொருளாதாரம் படிக்க இதைவிட என்ன தகுதி வேண்டும்? அந்த நோட்டைப் பற்றி அவள் விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. “இதெல்லாம் சொல்லலாமா மேடம்?” என்று கடைசியில் என்னிடம் கேட்டாள்.

பிள்ளைகளே, இதைத்தான் சொல்ல வேண்டும். அம்மாவின் கஷ்டத்தைச் சொல்லி இரக்கம் தேடச் சொல்லவில்லை. இரக்கத்தை வைத்து யாரும் அரைப் பக்கம் எழுத முடியாது. நீங்கள் எதைக் கண்ணால் பார்த்தீர்கள், பார்த்ததும் என்ன கேள்வி வந்தது, அதற்கு என்ன செய்தீர்கள், எங்கே தப்பு செய்தீர்கள், இந்த நான்கையும் சொல்லுங்கள்.

நம் ஊரில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். குறியீடு வந்த பிறகு மண்டியில் பழம் கொண்டுவந்து போடுகிற விவசாயியின் கையில் என்ன மாறியது என்று உங்களில் யாராவது போய்க் கேட்டீர்களா? கோடையில் ஒரு பழம் விற்கும் விலைக்கு மழைக்காலத்தில் எத்தனை பழம் விற்கிறது என்று ஒரு வருடம் எழுதிவைத்தீர்களா? மேற்கே தெரியும் மலையில் மழை பெய்து எத்தனை நாள் கழித்து உங்கள் தெருக் கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று ஒரு கயிற்றைக் கட்டி அளந்தீர்களா? உயிரியல் படிக்கப் போகிறவருக்கும், கணிதம் படிக்கப் போகிறவருக்கும், சட்டம் படிக்கப் போகிறவருக்கும் இங்கே விஷயம் இருக்கிறது. பெரிய நகரத்துப் பிள்ளைகள் காசு கட்டி முகாம்களுக்குப் போய்த் தேடுவது உங்கள் வாசலில் கிடக்கிறது.

அடுத்து ஆங்கிலம். நிறையப் பேர் என்னிடம் கேட்பது இதைத்தான். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பட்டதாரி தேடுவது உச்சரிப்பை இல்லை, உங்களோடு உரையாட முடிகிறதா என்பதைத்தான். அதனால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல முடியாததை ஆங்கிலத்திலும் சொல்ல முடியாது. தமிழில் சரியாக வந்ததும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக ஆக்குங்கள். மண்டி, ஏலம், முறம் என்று சொல்ல நேர்ந்தால் தமிழிலேயே சொல்லிவிட்டு, அது என்ன என்று ஒரு வரியில் விளக்குங்கள். கேள்வி புரியவில்லையென்றால் இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். யோசிக்க அரை நிமிடம் வேண்டுமென்றால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன எந்தப் பிள்ளைக்கும் நான் குறைத்து எழுதியதில்லை.

பயிற்சி எப்படி? மூன்று வாரம் போதும். முதல் வாரம் எழுதுங்கள். நீங்களாகச் செய்த, நீங்களாகக் கவனித்த ஐந்து விஷயங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். பரிசு வாங்கியது வேண்டாம். செய்ததை எழுதுங்கள். இரண்டாம் வாரம் அந்த ஐந்தையும், உங்களைத் தெரியாத ஒரு பெரியவரிடம் வாயால் சொல்லுங்கள். டீக்கடைக்காரராக இருக்கலாம், தபால்காரராக இருக்கலாம். அவர் எந்த இடத்தில் “அப்புறம்?” என்று கேட்கிறாரோ, அதுதான் உங்கள் விஷயம். மூன்றாம் வாரம், சேரப்போகும் இடத்தைப் பற்றிப் படியுங்கள். ஏனென்றால் கடைசியில் அந்தப் பட்டதாரி, “என்னிடம் கேட்க ஏதாவது உண்டா?” என்பார். விடுதி எப்படி, வேலை கிடைக்குமா என்பதற்கெல்லாம் இணையதளத்திலேயே பதில் இருக்கும். அந்த மனிதரால் மட்டும் சொல்ல முடிகிற ஒன்றைக் கேளுங்கள். “நீங்கள் அங்கே போன முதல் வருடம் எது கஷ்டமாக இருந்தது?” என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். இருபது வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. பதில் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. அவனைப் பற்றி எழுதும்போது அந்தக் கேள்வியையும் எழுதினேன்.

அப்பா என்ன செய்கிறார் என்று இன்றைக்கும் யாராவது கேட்கக்கூடும். உள்ளதைச் சொல்லுங்கள். சொன்னதும் அவர் முகம் மாறினால் அது அவருடைய குறை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பதில் சொல்லிக்கொடுக்காதீர்கள். திரைக்கு வெளியே நின்று சாடை காட்டுவது எங்களுக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் டிவியை அணைத்து, ஒரு மூலையை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். அதுவே பெரிய உதவி. முடிந்து வெளியே வரும்போது எல்லோரும் “என்ன கேட்டாவ?” என்றுதான் கேட்போம், என் அப்பா கேட்ட மாதிரி. “நீ என்ன சொன்ன?” என்றும் கேளுங்கள். என் அப்பா அப்படிக் கேட்டிருந்தால் அந்த வேப்பமரத்தடியிலேயே நான் அழுது, உண்மையைச் சொல்லியிருப்பேன். அடுத்த நேர்முகத்துக்கு அவருடைய மகளாகவே போயிருப்பேன்.

கடைசியாக, இந்த அவையில் இருக்கும் பட்டதாரிகளுக்குச் சொல்கிறேன். ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், வங்கியில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இருக்கிறீர்கள். நகரத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே மாமா ஒருவர், சித்தி ஒருவர் பட்டதாரியாக இருப்பார். சோற்றுத் தட்டுக்கு முன்னால் தினமும் அந்தப் பிள்ளைக்கு நேர்காணல் பயிற்சி நடக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒருவர் இல்லை. முன்பின் தெரியாத ஒரு படித்த மனிதரோடு அவர்கள் அரை மணி நேரம் சமமாக உட்கார்ந்து பேசியதே இல்லை. முதல் தடவையாக அது பல்கலைக்கழக நேர்காணலிலேயே நடந்தால் எப்படி வாய் வரும்? வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள். பாடம் நடத்த வேண்டாம், திருத்தவும் வேண்டாம். எதிரே உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு முடித்ததும் அந்தப் பிள்ளையைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, அவர்கள் கையிலேயே கொடுங்கள். தன்னைப் பற்றி ஒரு பெரியவர் என்ன எழுதினார் என்று படிக்கும் பிள்ளை, அடுத்த முறை வேறு மாதிரி பேசும்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு நம் நூலகத்தில் இருப்பேன். இரண்டு நாற்காலியும் ஒரு நோட்டும் போதும். முதலில் வரும் பிள்ளையிடம் என்ன கேட்கப் போகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். “போன வாரம் நம் ஊரில் நீ நின்று பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லு.” இன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியிலேயே பார்க்கத் தொடங்குங்கள்.